வாந்திக்கு முன்பணம்

பாகூர் ஏரிக்கரையில் நிலா பார்க்க அறுநூறு ரூபாய். கார்க் கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்கினால் மேலே நூறு. வானத்துக்கும் காற்றுக்கும் இப்படி விலை போட்டவர் வில்லியனூர் லியோ பிரகாஷ். நம் விஜயராஜ் இருக்கிறானே, அவனுடைய அக்காள் புருஷர். அவருக்கு நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். எல்லோரும் சாப்பிட்டாச்சா? சாப்பிடாதவர்கள் இப்போதே எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கேட்ட பிறகு இறங்காது. எனக்கு இரண்டு நாள் இறங்கவில்லை.

லியோவிடம் ஒரு வெள்ளைக் கார். சனி, ஞாயிறு வந்தால் வெளியூர்க்காரர்கள் போன் அடிப்பார்கள். பீச் பார்த்தாச்சு, கலர் கலராக வீடு நிற்கிற தெருவெல்லாம் போட்டோ எடுத்தாச்சு, வேறு ஏதாவது சீனரி இருக்கிறதா என்பார்கள். லியோவுக்குத் தெரிந்த சீனரி ஒன்றே ஒன்றுதான். வில்லியனூரில் ஏற்றி, கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் ஏரிக்கரை, அங்கிருந்து சோரியாங்குப்பம் ஆற்றோரம். ஆனால் அதை விற்கிற விதம் இருக்கிறதே! கரிக்கலாம்பாக்கம் வந்ததும், "எல்லாரும் ரைட்டு பக்கம் பாருங்க" என்பார். வலப்பக்கம் நெல்வயல், கொக்கு. இடப்பக்கம் மனைக்கல் நட்டுக் கொடி கட்டிய பிளாட். அதைப் பார்த்தால் அறுநூறு கட்டுமா? ஏரிக்கரை ஏறியதும் பாட்டை நிறுத்திவிடுவார். முப்பதிலேயே போவார். முப்பதைத் தாண்டினால் காட்சி சீக்கிரம் தீர்ந்துவிடும், குறைந்தால் கொசு உள்ளே வந்துவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பனை, முகத்தில் ஈரக்காற்று. யாராக இருந்தாலும் பேச்சு நின்றுவிடும். அந்த மௌனத்துக்குத்தான் காசு.

ஒரே ஒரு தொல்லை. புதுச்சேரிக்கு வருகிறவர்கள் சீனரி பார்க்க மட்டுமா வருகிறார்கள்? பாதிப் பேருக்கு ஏரிக்கரை வளைவில் வயிறு புரண்டுவிடும். சீட்டு இடுக்கில், பாய்க்கு அடியில், ஏசி ஓட்டையில்... எங்கே எல்லாம் போகும் என்று கழுவியவருக்குத்தான் தெரியும். கழுவிக் கழுவி வெறுத்துப்போன லியோ, முன்சீட்டின் முதுகில் ஒரு அட்டை மாட்டினார்.

வண்டிக்குள் வாந்தி எடுத்தால் ரூ.500. கதவில் வழிந்தால் ரூ.200. கவரில் பிடித்தால் இலவசம்.

இதற்கும் பேரம் நடக்கும். ஒரு பெங்களூர்ப் பையன், வாயைத் துடைத்துக்கொண்டே, "வெறும் தண்ணிதான அண்ணே வந்துச்சு, சோறு வரலயே" என்று முந்நூறுக்குக் கொண்டுவந்துவிட்டான். மனுஷன் என்றால் அப்படித்தான். எந்த நிலையிலும் இருநூறு குறைத்துப் பார்ப்பான்.

போன நவம்பரில் ஒரு புதன்கிழமை லியோவின் அக்காள் மகளுக்குக் கல்யாணம். பெண் பேர் ரோஸி மேரி. காலை ஏழு மணிக்கு வில்லியனூர் மாதா கோயிலில் கல்யாணப் பூசை. கரிக்கலாம்பாக்கத்து வீட்டிலிருந்து பெண்ணைத் தாய்மாமன் தன் காரில் கோயிலுக்குக் கூட்டிவர வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பெரிய காராக அனுப்புகிறோம் என்றபோது, "எம் மாமா வண்டிலதான் வருவன்" என்று ரோஸி ஒரே பிடியாக நின்றுவிட்டாள். லியோவுக்கு அது போதும். சீட்டுக்கெல்லாம் புது வெள்ளை உறை மாட்டினார். நெஞ்சு நிமிர்ந்து போச்சு மனுஷருக்கு.

முந்தின நாள் ராத்திரி கடலூருக்குப் போய் மாலையும் பூவும் வாங்கிவர வேண்டியிருந்தது. கிளம்பும்போது அக்காள் அன்னாமேரி போனில் சொன்னாள்.

"டேய், வழில எவனையும் ஏத்தாத. காலைல வண்டி நாறுச்சு, உன்ன உண்டு இல்லன்னு பண்ணிடுவன்."

"ஏத்துவனா அக்கா? நான் இன்னா கொழந்தயா?"

மணி பதினொன்று நாற்பது. மாலைப் பெட்டி டிக்கியில். மழை விட்டிருந்தது. சோரியாங்குப்பம் தாண்டிப் பாகூர் போகிற ரோடு... ஆள் இல்லை, நாய் இல்லை. தவளைச் சத்தம் மட்டும். ஷட்டர் இறக்கிய சாராயக்கடை முன்னால் ஒருவர் கை காட்டினார். முழுக்கை வெள்ளைச் சட்டை. இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. அத்தனை மழையிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"ஏரிக்கரைக்குப் போவணும். போய்ட்டுத் திரும்ப இங்கியே வுட்றணும்."

லியோவின் வாய் பழக்கதோஷத்தில் இரட்டை விலை சொன்னது. "போவ அறுநூறு, வர அறுநூறு. ஆயிரத்தி இருநூறு ஆவும்."

"சரி."

"நைட்டுங்க. மேல ஒரு முந்நூறு."

"சரி."

நான் கடைத்தெருவில் வளர்ந்தவன். கேட்ட விலைக்கு மறுபேச்சில்லாமல் 'சரி' என்கிறவன் ஒன்று திருடன், இல்லையென்றால் கள்ளநோட்டுக்காரன். மூன்றாவதாக ஒரு ஜாதி இருக்கிறது என்று லியோவுக்கு அன்றைக்குத் தெரியாது. நோட்டை வாங்கி உள்விளக்கில் தூக்கிப் பார்த்தார். நல்ல நோட்டு. அக்காள் சொன்னது நினைவுக்கு வந்தது. 'குடிக்காத ஆளு, டீசன்டா இருக்கான், முக்கால் மணி நேரம்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

வண்டி நகர்ந்தது. பின்னாலிருந்து குரல்.

"இது இன்னா அட்டை?"

"அது குடிகாரங்களுக்குங்க. உங்களுக்கு இல்ல."

"இருக்கட்டும். இப்பவே குடுத்துடறன்."

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டு.

"இன்னாங்க இது?"

"ஆறு வாட்டிக்கு."

நல்ல தமாஷ் ஆள் என்று லியோ சிரித்தார். சிரித்துக்கொண்டே... வாங்கி மேல்பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

ஏரிக்கரை ஏறியது வண்டி. நிலா வந்திருந்தது. கரை தளும்பத் தண்ணீர். பனைமர நிழல் ஒவ்வொன்றாகக் காரின் மேல் ஏறி இறங்கியது. இத்தனை வருஷம் விற்ற சரக்கு இவ்வளவு அழகு என்று லியோவே அன்றைக்குத்தான் பார்த்தார். பாட்டை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். முப்பது.

களக்.

குடத்தைத் தண்ணீரில் கவிழ்த்து அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம். அதற்குப் பின்னால் ஊற்றுகிற சத்தம்... நிற்காமல் ஊற்றுகிறது. பச்சைத் தண்ணீர் சீட்டுக்கு அடியில் புகுந்து லியோவின் குதிகாலை நனைத்தது. வெதுவெதுப்பு. காலடிப் பாய்மேல் ஆகாயத்தாமரை வேர், கறுப்பாக, நூல் நூலாக.

பிரேக் போடுவதற்குள் இரண்டாவது. சேறு. ஏரி வற்றும்போது அடியில் கிடக்குமே, மீன் செத்து ஊறிய சேறு... அந்த நாற்றம். புது வெள்ளை உறைமேல் அது தொப் தொப்பென்று விழுந்தது.

மூன்றாவது, நத்தை. கூழாங்கல்லைக் கொட்டுவதுபோல் கடகடவென்று. விழுந்ததெல்லாம் உயிரோடு ஊர்ந்தது.

லியோ வண்டியை நிறுத்தித் திரும்பினார். "யோவ், எறங்குய்யா கீழ!"

அந்த ஆள் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டார். சட்டையில் ஒரு பொட்டு கறை இல்லை.

"காசு வாங்கிட்டீங்களே."

வியாபாரம் பண்ணுகிறவனுக்கு இதற்குப் பதில் ஏது?

நான்காவது... தலைமயிர். ஈரச் சடை. அது வாயிலிருந்து தானாக வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, கிணற்றுக் கயிற்றை இழுக்கிற மாதிரி இழுத்து இழுத்துத் தன் மடியில் சுருட்டிக்கொண்டார். மடி நிறைந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஐந்தாவதைச் சொல்லும்போதுதான் இன்றைக்கும் லியோவின் முகம் கோணுகிறது. ஐந்தாவதாக வந்தது பிரியாணி. சுடச்சுட. ஆவி பறக்க. பிரிஞ்சி இலையும் நெய்யும் புதினாவுமாகக் கல்யாண வீட்டு மட்டன் பிரியாணி வாசனை காரை நிறைத்தது. அந்த நத்தைக்கும் சேற்றுக்கும் மயிருக்கும் நடுவில்... லியோவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஊறியது மட்டுமில்லை, விழுங்கினார்.

விழுங்கிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கதவைத் திறந்துகொண்டு கரையில் விழுந்து குமட்டினார். ஒன்றும் வரவில்லை. வெறும் குமட்டல். எவ்வளவு நேரமோ. நிமிர்ந்தபோது தவளைச் சத்தம் நின்றிருந்தது. பின்கதவு இரண்டும் பூட்டினபடி. பின்சீட்டில் ஆள் இல்லை.

அந்த ரோட்டில் முப்பதைத் தாண்டாத மனுஷர் தொண்ணூறில் வந்து சேர்ந்தார்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு விஜயராஜை எழுப்பிக் கழுவ ஆரம்பித்தார்கள். டார்ச் பிடித்தது நம் விஜயராஜ்தான், கேட்டுப் பாருங்கள். இரண்டு வாளி நத்தை. சீட் பெல்ட் சொருகுகிற ஓட்டைக்குள் ஒன்று ஒளிந்திருந்ததைக் குச்சி விட்டு எடுத்தான். பினாயில், எலுமிச்சம்பழம், காப்பித்தூள், கடைசியில் சாம்பிராணி. உறையைத் துவைத்து, இஸ்திரி போட்டே காயவைத்தார்கள். நாலரை மணிக்கு நாற்றம் இல்லை.

"மச்சான், வேற வண்டி சொல்லிடலாம்" என்றான் விஜயராஜ்.

"தாய்மாமன் வண்டில பொண்ணு வரலன்னா ஊரு இன்னாடா பேசும்?"

"அப்ப அந்தத் துட்டயாவது ஏரில வீசிடு."

"இன்னாத்துக்கு? அஞ்சு வாட்டிக்கு ரெண்டாயிரத்தி ஐநூறு, நம்ம கழுவுன கூலி. ஆறாவது அவன் எடுக்கல. மிச்ச ஐநூறு லாபம்டா. லாபத்த எவனாவது தண்ணில போடுவானா?"

விடிந்தது. கரிக்கலாம்பாக்கத்தில் காருக்குப் பூ சுற்றினார்கள். ரோஸி மேரி வெள்ளைப் பட்டுச் சேலையில் வந்தாள். பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வேண்டும் என்று விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை பிள்ளை. வண்டி ஏறுமுன் தாய்மாமன் பெண்ணின் கையில் பணம் வைக்க வேண்டும். லியோ மேல்பாக்கெட்டில் கையை விட்டார். அந்த லாப ஐந்நூறு மொடமொடவென்று கையில் வந்தது. கூட, தன் சொந்தக் காசு ஒரு ரூபாய். ஐந்நூற்று ஒன்று. ரோஸி அதை வாங்கி உதட்டில் ஒற்றி முத்தி செய்து, உள்ளங்கையில் மடித்துப் பிடித்துக்கொண்டாள். அன்னாமேரி பக்கத்தில் ஏறினாள். மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தாள். "பரவால்லடா. மணமாத்தான் வச்சிருக்க."

லியோவுக்கு உயிர் வந்தது. கண்ணாடியை இறக்கினார். முப்பது. நெல் பால் பிடித்து நின்றது, பனி இன்னும் விலகவில்லை. "பாப்பா, ரைட்டு பக்கம் பாரு. எத்தினி கொக்கு பாரு" என்றார். இந்த ஒரு டிரிப்புக்கு அவர் விலை போடவில்லை.

பின்னாலிருந்து ரோஸியின் குரல்.

"மாமா... வண்டிய நிறுத்துங்க."

களக்.

லியோ திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்துவிட்டது. குதிகாலில் வெதுவெதுப்பு. அன்னாமேரி அலறினாள். ஒரு குடம் இருக்கும். பச்சைத் தண்ணீர், வெள்ளைப் பட்டு முழுக்க, வெள்ளை உறை முழுக்க. ரோஸியின் காலடியில் விரல் நீளத்துக்கு ஒரு கெண்டைக் குஞ்சு, உயிரோடு... வாயைத் திறந்து மூடி, திறந்து மூடித் துள்ளிக்கொண்டிருந்தது. ஏரி அங்கிருந்து எத்தனையோ மைல்.

பூசை பத்து மணிக்குத் தள்ளிப்போனது. பெண் வேறு சேலையில், மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய பெரிய காரில் போனாள். அவளுக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள். ஆனால் தாய்மாமனிடம் இன்றைக்கு வரைக்கும் பேச்சில்லை. முகம் கழுவிவிடும்போது அன்னாமேரி பெண்ணின் கையைப் பிரித்துப் பார்த்தாளாம். ஐந்நூறு ரூபாய் நோட்டு இல்லை. ஒரு ரூபாய்க் காசு மட்டும் இருந்தது.

கல்யாண மண்டபத்தில் பிரியாணி அண்டாவைத் திறந்தபோது வாசனை வந்ததே... அதே பிரிஞ்சி இலை, அதே நெய், அதே புதினா. லியோ எழுந்து வெளியே போய்விட்டார்.

வண்டியை இன்னும் அவர்தான் ஓட்டுகிறார். ஏரிக்கரைப் பக்கம் மட்டும் போவதில்லை. ஆனால் ராத்திரியில் தனியாக வரும்போது வண்டி 'டிங்... டிங்...' என்று கத்துகிறது. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் பெல்ட் போடவில்லையாம். மெக்கானிக் மூன்று தடவை பார்த்துவிட்டான். கோளாறு இல்லை என்கிறான்.

"ஏத்துன எடத்துலயே கொண்டுபோய் வுட்டுடு மச்சான்" என்று விஜயராஜ் சொல்லிப் பார்த்தான்.

"ஏரிக்கரையத் தாண்டித்தானடா போவணும்? பின்னால இருந்து மறுபடியும் கை நீட்டினான்னா?"

அன்றைக்கு வாங்கினது மொத்தம் நாலாயிரத்து ஐந்நூறு. அதில் வாந்தி ஆறு, மூவாயிரம், கணக்கு நேர். நைட்டு முந்நூறு, நேர். சோரியாங்குப்பத்திலிருந்து ஏரிக்கரைக்குப் போனது அறுநூறு, நேர்.

திரும்பக் கொண்டுபோய் விடுவது அறுநூறு... பாக்கி.