ஊதாப் பூ நிற்கும் இடம்

எனக்குச் செடி நடுவது பிடிக்கும், ஐயா. எங்கள் பக்கம் யாரும் பூ நடுவதில்லை. மலையே பூத்துக் கிடக்கும்போது எதற்கு என்பார்கள்.

அண்ணியைப் பற்றித்தானே கேட்டீர்கள். அண்ணன் மந்தையோடு மேல்மேய்ச்சலுக்குப் போனதும் நானும் அண்ணி அனார்கானும் ஒரே கூடாரத்தில்தான் படுப்போம். யாரிடமும் வாய் திறக்காத நான் அவளிடம் மட்டும் பேசுவேன்.

சதுப்புக்கு அக்கரையில் இருந்த புல்வெளியை அவளுக்குக் காட்டியதே நான்தான். அங்கே ஊதா ஆர்க்கிட் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். கிழங்கு, குழந்தையின் கை மாதிரி விரல் விரித்திருக்கும். மற்றவர்கள் தோண்டி விற்பார்கள். நான் ஒன்றைக்கூடப் பிடுங்கியதில்லை. மணப்பெண், மாமியார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தேன். அந்தப் பெயர்களையும் அவளிடம் சொன்னேன்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி."

"போடி கிறுக்கி, நான் யாருகிட்ட சொல்லப்போறேன்?"

அடுத்த வாரமே தன் தம்பிகளைக் கூட்டிவந்தாள். ஒரு மூலை தவிர புல்வெளி முழுக்க உழுத நிலம்போல் ஆனது. மாலையில் கூடாரத்தில் உட்கார்ந்து மூட்டையைக் கிளறினாள்.

"இது யாருடா, மணப்பொண்ணா? இது மாமியாரா இருக்கும், எப்படி முறைக்குது பாரு. ஏன்டி ஸூரா, நீயே சொல்லேன்."

தம்பிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விருந்தாளிகள் முன் முகம் சுளிப்பது எங்களிடம் வழக்கமில்லை. எல்லோருக்கும் குதிரைப்பால் ஊற்றினேன்.

"மிச்சத்தைக் காலைல நானே போய்த் தோண்டிக்கிறேன்," என்றாள்.

சதுப்பைக் கடக்க ஒரே வழிதான். ஊதாப் பூ நிற்கும் இடத்தில் கால் வைத்தால் தரை தாங்கும். பூ இல்லாத பச்சைப் பரப்போ ஒரு குதிரையையே விழுங்கிவிடும். இது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அவர்கள் கிழங்கை வெட்டிக்கொண்டு எறிந்த தண்டுகள் இன்னும் வாடவில்லை. வீணாகப் போகிறதே என்று அன்றிரவே போய்ப் பொறுக்கிக்கொண்டேன். வழியில் நின்ற பூக்களையும் கிள்ளிக்கொண்டேன். எல்லாவற்றையும் சற்றுத் தள்ளி, பச்சையில் வரிசையாக நட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

காலையில் பனிமூட்டம். அவள் பூவைப் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தாள். இடுப்புவரை இறங்கியபின் என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஸூரா, கையைக் குடும்மா."

எட்டும் தூரத்தில்தான் நின்றேன். கடைசியில் சேற்றுக்கு மேலே கை மட்டும் தெரிந்தது, வெள்ளையாக, விரல் விரித்து. அப்படியே கிழங்கு மாதிரி.

நான்தான் முதலிலேயே சொன்னேனே, ஐயா. கிழங்கை நான் பிடுங்குவதில்லை.