இடப்பக்கம் நகரும் கோடு

— அசையாதீங்கன்னா கேக்க மாட்டீங்களா? நேரா நில்லுங்க.

— நிக்கிறேன்மா. பொண்டாட்டிக்காக நெஞ்சுல தகரத்தை ஒட்டிக்கிட்டு நிக்கிற ஒரே மனுஷன் நான்தான்.

— தகரம் இல்ல, ஆன்டெனா. நாளைக்கு நோயாளிங்க இதயத்துடிப்பை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறது இதுதான். ஐயோ, மறுபடியும் இடப்பக்கம் போயிடுச்சு.

— எது?

— லேப்டாப்ல இந்தச் சிவப்புக் கோடு. உங்க மேல அளந்தது. நீலம், சாஃப்ட்வேர் கணக்குப் போட்டுச் சொன்னது. ரெண்டு கோட்டுலயும் கீழ இறங்குற பள்ளம் ஒரே இடத்துல விழணும். போன மாசம் விழுந்துச்சு. இப்ப ஒவ்வொரு தடவையும் சிவப்பு விலகிக்கிட்டே போகுது.

— சாஃப்ட்வேருக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கும்.

— விளையாடாதீங்க. கணக்குப் போடுற கட்டங்களை, அதான் மெஷ்ஷை, பொடிப்பொடியாக்கினேன். சிக்னல் நுழையுற போர்ட்டை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டேன். ஒட்டுற பசையைக்கூடக் கணக்குல சேர்த்துட்டேன். நீலம் இருந்த இடத்தை விட்டு அசையல. திங்கக்கிழமை மீட்டிங்ல உங்களை நிக்க வச்சுத்தான் காட்டணும். ரெண்டும் சேரலைன்னா புராஜெக்ட்டை இழுத்து மூடிடுவாங்க. அழுகையா வருதுங்க.

— அட, அதுக்கு ஏன் அழறே? ஆன்டெனாவே கெட்டுப் போயிருக்கும்.

— இல்ல. காலையில என் மேலயே ஒட்டிப் பார்த்தேன். கச்சிதமா உக்காந்துச்சு. உங்க மேல மட்டும்தான் இந்தக் கூத்து.

— என் ராசி அப்படி. கழட்டு, சட்டையைப் போடணும்.

— இருங்க. சாஃப்ட்வேர்ல ஒரு மாதிரி நெஞ்சு வச்சிருக்கேன்ல? தோல், கொழுப்பு, சதை, உள்ள நுரையீரல். அதுல பாதிக்கு மேல காத்துன்னு போட்டிருக்கேன்.

— போதும்மா. லேப்டாப்பை மூடு.

— காத்தைக் குறைச்சுத் தண்ணியைக் கூட்டினா பள்ளம் இடப்பக்கம்தான் போகும். கொஞ்சம் கூட்டிப் பாக்கறேன்.

— மூடுன்னு சொல்றேன்ல!

— ஏன் கத்துறீங்க? இப்படி ஒருநாளும் கத்தினதில்லையே. இன்னும் கொஞ்சம்... ஏங்க.

— ம்.

— ரெண்டு கோடும் ஒண்ணா உக்காந்துடுச்சு.

— அப்ப சந்தோஷப்படேன்.

— சாஃப்ட்வேர்ல தப்பே இல்ல. உங்க நுரையீரல்ல தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. கிளம்புங்க, இப்பவே டாக்டர்கிட்ட போறோம்.

— போயிட்டு வந்தாச்சும்மா. உடனே ஆஸ்பத்திரியில வந்து படுக்கச் சொன்னார். திங்கக்கிழமை வரைக்கும் இந்த நெஞ்சு என் பொண்டாட்டிக்கு வேணும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.