நீலக்குட்டி வீடு போய்ச் சேரவில்லை

பிளாஸ்டர் இறுகும் நேரம் இருக்கிறதே, அது ஒரு மாதிரியான நேரம். வேலை நடந்துகொண்டிருக்கும், ஆனால் செய்ய ஒன்றும் இருக்காது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றிவிட்டால், அது கல்லாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவசரப்பட்டுப் பிரித்தால் பல் உடைந்து அச்சுக்குள்ளேயே நின்றுவிடும். எங்கள் பல்செட் பட்டறையில் நடந்த நல்லதும் கெட்டதும் அந்த நேரத்தில் நடந்தவைதான். அதனால், யார் காரணம் என்று நீங்கள் கேட்டால் நான் முதலில் பிளாஸ்டரைத்தான் கைகாட்டுவேன்.

உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பரவாயில்லை. நீங்கள் அண்ணியின் கூடப்பிறந்த தம்பி, கேட்க உரிமை இருக்கிறது. உங்கள் பெட்டி வாசலில் நிற்கிறது, வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒளித்து மறைத்துப் பேசுவது எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்த விளையாட்டுக் கருவியை அனுப்பியதே நீங்கள்தான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கப்பலில் சமையல் வேலை, ஜப்பான் துறைமுகத்தில் இறங்கினீர்கள், பழைய சாமான் கடையில் பார்த்தீர்கள், அக்காவுக்குப் பொழுது போகட்டும் என்று வாங்கி அனுப்பினீர்கள். பாசம்தான், குறை சொல்லவில்லை. மடக்கினால் சோப்புப் பெட்டி அளவு. திறந்தால் திரையில் ஒரு வாள்காரன், அவன் சுற்றித் திரிய ஊர், காடு, கோட்டை. வழியில் எவரைப் பார்த்தாலும் நின்று பேசுகிறார்கள். பேச்சு முழுக்க ஜப்பானிய எழுத்தில். பேசாமல் அடிதடி மட்டும் நடக்கிற விளையாட்டாகப் பார்த்து வாங்கியிருந்தால் இன்று இந்தப் பேச்சே வந்திருக்காது.

அண்ணி அதைத் திறந்து பார்த்துவிட்டு நேராக என்னிடம் நீட்டினார்.

“பாப்பா, உனக்குத்தான் இது வருமே. என்ன சொல்றான்னு படி.”

எனக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் பல் கேப்புக்கு வாங்கும் பீங்கான் பொடி ஜப்பானிலிருந்து வருகிறது. டப்பாவுக்குள் அந்த ஊர் எழுத்தில் ஒரு தாள் இருக்கும். நான் அதைப் பார்த்துத்தான் கலப்பேன், அடுப்பைச் சூடேற்றுவேன். தாளில் படம் போட்டிருக்கும், எண்கள் இருக்கும். எண்களைப் படிக்க எந்த மொழியும் வேண்டாம். ஆனால் தாளை விரித்து வைத்துக்கொண்டு புருவத்தை நெரித்தபடி நான் நிற்பதைப் பார்த்துப் பார்த்து, அண்ணனே ஊரெல்லாம் சொல்லிவிட்டார், என் தங்கச்சி ஜப்பான்காரன் எழுதினதை அப்படியே படிப்பா என்று. அண்ணன் பேச்சைத் தங்கை மறுக்கலாமா?

வாங்கிப் பார்த்தேன். திரையில் ஒரு தாடிக்காரர் நின்றார்.

“இவர் ராஜாவாம் அண்ணி. நாட்டைப் பறிகொடுத்துட்டு மாறுவேஷத்துல இருக்காராம்.”

அவர் ராஜா இல்லை, முள்ளங்கி விற்பவர் என்று நீங்கள் இந்த லீவில் வந்து படித்துச் சொன்னீர்கள். இருக்கட்டும். முள்ளங்கி விற்பவராக இருந்தால் எங்கள் வீட்டில் யார் அவரை இரண்டாம் தடவை பார்த்திருப்பார்கள்? ராஜா என்றதும் அண்ணி தலையில் இருந்த துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணன் மெழுகு செதுக்குவதை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். டாக்டர்களிடமிருந்து அச்சுகளைக் கொண்டுவரும் பெட்டிக்காரர்கூட, வாசலோடு திரும்புகிறவர், உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு டீச்சரம்மா என்று பேர்.

பிறகு நீலமுடிப் பெண் வந்தாள். கையில் ஒரு கோல், அடிபட்டால் ஆற்றிவிடுவாள், வாள்காரன் பின்னாலேயே நடப்பாள். அண்ணி அவளுக்கு நீலக்குட்டி என்று பேர் வைத்தார். யாரு பாப்பா இவ, எங்கிருந்து வர்றா என்று கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வடக்கே பனி விழும் ஊர், அங்கே இவளுடைய அம்மா தனியாக இருக்கிறார், வருஷக்கணக்கில் மகளைப் பார்க்கவில்லை, வழியெல்லாம் அரக்கர்கள். சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தால் அண்ணியின் கண் கலங்கியிருந்தது. கதை அளப்பதில் எனக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

அண்ணியும் தன் அம்மாவைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. அதை மனதில் வைத்துச் சொன்னேனா என்றால், இல்லை. தானாக வந்தது.

இப்போது பாலிஷ் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. பல்செட் வேலையில் கடைசி வேலை அது. நுரைக்கல் பொடியைத் தண்ணீரில் குழைத்து, சுழலும் துணிச் சக்கரத்தில் பல்செட்டைப் பிடித்துத் தேய்க்க வேண்டும். சேறு முகத்தில் தெறிக்கும், நகம் தேயும், சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் வெள்ளையாக வரும். எங்கள் பட்டறையில் அது என் வேலையாக இருந்தது. நான் பாலிஷ் போட்டுவிட்டு வந்து படிப்பதற்குள் அடுத்த அச்சு இறுகிவிடும், கதை நின்றுவிடும். அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

“நீ உக்காரு பாப்பா. அதை நான் போட்டுக்கறேன். நீ எங்களுக்குப் படி.”

நான் கேட்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலியையும் நான் கேட்கவில்லை. டீயில் ஆடை விழாமல் முதலில் எனக்கு வடிகட்டித் தர வேண்டும் என்றும் கேட்கவில்லை. மனிதர்கள் அன்பாகக் கொடுப்பதை மறுப்பது திமிர் என்று நினைக்கிறவள் நான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அண்ணி ஒருநாள் அண்ணனிடம் சொன்னார்.

“நீலக்குட்டி அவ அம்மாகிட்ட போய்ச் சேரட்டும். அன்னிக்கே நானும் கிளம்பி எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். ரெண்டு மாசமாவது இருந்துட்டுத்தான் வருவேன்.”

அண்ணன் தலையாட்டிவிட்டார். அவருக்கு எதற்கும் தலையாட்டத்தான் தெரியும். அண்ணி அலமாரி மேலிருந்து பையை இறக்கித் தூசி தட்டினார். ஃபோனில் உங்கள் அம்மாவிடம் சொன்னார், அந்த அம்மாள் வாசல் அறைக்கு வெள்ளையடித்துக் கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். எல்லாருக்கும் சந்தோஷம். பாலிஷ் மெஷினைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அதையும் நான்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

மொழி தெரியாதவர்கள் அந்த விளையாட்டை எப்படி ஆடுவார்கள் தெரியுமா? வரியை வைத்துத்தான். பட்டியலைத் திறந்தால் மூன்றாவது வரி, இதுவரை ஆடியதைப் பத்திரப்படுத்தும். யாராவது கேள்வி கேட்டால் இரண்டு வரி வரும், மேல், கீழ். எது எதற்கு என்று தெரியாவிட்டால், முதலில் மூன்றாவது வரியில் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு ஒன்றை அமுக்கிப் பார்க்கலாம். வம்பு வந்தால் அணைத்துவிட்டுத் திரும்பத் திறந்தால் எல்லாம் பழையபடி இருக்கும். இந்த வித்தையை நான் யாருக்கும் சொல்லித் தரவில்லை. டீச்சரம்மாவுக்கு இது எதற்கு என்று கேட்பார்கள்.

பனி ஊருக்குப் போகும் வழியில் ஒரு விடுதி. அங்கே நீலக்குட்டி நின்று ஏதோ கேட்பாள். அண்ணி குளிக்கப் போயிருந்தபோது நான் இரண்டையும் அமுக்கிப் பார்த்தேன். கீழே அமுக்கினால் கூடவே வருவாள். மேலே அமுக்கினால் தலைகுனிந்து வணங்கிவிட்டுக் கதவைத் திறந்து போய்விடுவாள். எத்தனை தூரம் நடந்தாலும் திரும்பி வரவில்லை. அணைத்து, பழையபடி மடக்கி வைத்துவிட்டேன்.

அண்ணி வந்தார், விளையாடினார், விடுதிக்குள் நுழைந்தார்.

“என்ன கேக்குறா பாப்பா?”

“களைப்பா இருக்காம் அண்ணி. இங்க தங்கிட்டுப் போலாமான்னு கேக்குறா. மேல அமுக்குங்க.”

அண்ணி அன்று சாப்பிடவில்லை. அதைப் பார்த்து எனக்கும் மனசு கேட்கவில்லை, நானும் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டேன். அவளை அரக்கன் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், கடைசிக் கோட்டையில் அடைத்து வைத்திருக்கிறான், அவனை ஜெயித்தால் கிடைப்பாள் என்று சமாதானம் படித்துச் சொன்னேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் திரும்ப அலமாரி மேல் ஏற்றினார். பிறகு மெஷினைப் போட்டார்.

அண்ணியை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். காயம் ஆற்றிவிட ஆளில்லாமல் அந்தக் கோட்டை வரை போவார் என்று நினைக்கவில்லை. போய்விட்டார். அரக்கன் ஒரு கதவு தள்ளி நிற்கிறான். உள்ளே நீலக்குட்டி இல்லை என்றால் நான் என்ன படிப்பது? அந்தச் சமயம் பார்த்து உங்கள் ஃபோன் வேறு. லீவில் வருகிறேன், இப்போது எனக்கு ஜப்பானிய எழுத்து ஓரளவு வரும், மீதியை நான் படித்துச் சொல்கிறேன் அக்கா என்று.

அதனால் செய்தேன். கருவியைத் திறந்ததும் இரண்டு வரி வரும் அல்லவா? கீழே, விட்ட இடத்திலிருந்து. மேலே, முதலிலிருந்து. மேல் வரியை அமுக்கினேன். புது வாள்காரன் அவன் வீட்டுக் கட்டிலிலிருந்து எழுந்தான். வாசல் வரை நடத்திக்கொண்டுபோய், மூன்றாவது வரியில் பத்திரப்படுத்தினேன். பழையதன் மேல் புதியது உட்கார்ந்துகொண்டது, அண்ணி கோட்டை வரை ஆடியதெல்லாம் அழிந்தது. அடுத்த அச்சு இறுகுவதற்குள் முடிந்துவிட்டது.

பெட்டிக்காரர் விஷயத்தைக் கேட்கிறீர்கள். அவர் அன்று காலையில் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தார், அது உண்மை. பெட்டிக்காரர் எடுத்துப் பார்த்தாரே அண்ணி என்று மட்டும்தான் நான் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. மீதியை அண்ணியே கூட்டிக்கொண்டார். அந்த மனிதர் தன் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், கேட்கவே கஷ்டமாக இருந்தது. இப்போது அவர் உள்ளே வருவதில்லை, பெட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவருக்கும் நேரம் மிச்சம்.

நீங்கள் வந்து முள்ளங்கி என்று படித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அண்ணி என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

“போடா, உனக்கு எல்லாம் சமையல்கட்டாத்தான் தெரியும். ராஜாவைப் போய் முள்ளங்கிங்கறான் பாரு. பாப்பா படிச்சாத்தான் எழுத்துக்கே உயிர் வருது.”

அதைக் கேட்டு நான் எவ்வளவு கூச்சப்பட்டேன் தெரியுமா?

ஆக, அவ்வளவுதான். படித்தது பொய், நீலக்குட்டியை அனுப்பிவிட்டது நான், ஆட்டத்தை அழித்ததும் நான். மனம் லேசாக இருக்கிறது. இன்று உங்களோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பட்டும் என்றால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. பையைக்கூட இறக்கி வைத்திருக்கிறார். இந்தத் தடவை வழி எல்லாம் பழகிவிட்டது, விடுவிடுவென்று ஆடி விடுதி வரைக்கும் வந்துவிட்டார். நீலக்குட்டியை வீட்டில் விட்டுவிட்டு வண்டி ஏறுவேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இதோ, கூப்பிடுகிறார்.

“பாப்பா, இங்க வந்துட்டேன். அதே மாதிரி நின்னு கேக்குறா. போன தடவை மேல அமுக்கித்தான் பறிகொடுத்தோம். இந்தத் தடவை கீழ அமுக்கட்டுமா?”

பாருங்கள், எவ்வளவு கெட்டிக்காரர். நீங்கள் சொல்லிப் பாருங்களேன்.

“ஆமாக்கா, கீழ அமுக்கு. நான் சொல்றேன்ல, கீழதான்.”

“நீ சும்மா இருடா. பாப்பா சொல்லட்டும்.”

என்னை அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி. மனம் விட்டுப் பேசினேன் என்பதற்காக, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

“அவசரப்படாதீங்க அண்ணி. இந்தத் தடவை கேள்வி வேற. என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடுவீங்களான்னு கேக்குறா. கீழ இருக்கறது ஆமான்னு. மேல இருக்கறதுதான், உயிரே போனாலும் விடமாட்டேன்னு.”

“அடி என் கண்ணே, உன்னை விடுவேனா நான்.”

அமுக்கிவிட்டார். சத்தம் கேட்டதா? அது கதவு திறக்கிற சத்தம்.

அண்ணி அழும்போது சத்தம் வராது. நீங்கள் உள்ளே போக வேண்டாம், உங்களைப் பார்த்தால் இன்னும் அதிகமாகும்.

“போயிட்டா பாப்பா. மறுபடியும் போயிட்டா.”

“கோட்டையில இருப்பா அண்ணி. இந்தத் தடவை கண்டிப்பா இருப்பா.”

“டேய், நீ கிளம்பு. அம்மாகிட்ட, இதை முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லிடு.”

வண்டி வந்துவிட்டது. பெட்டி கனமாக இருக்கிறதா, ஒரு கை பிடிக்கட்டுமா? உள்ளே பாலிஷ் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, கேட்கிறதா? நான் போடச் சொல்லவில்லை. அண்ணிக்கு எங்களை விட்டுவிட்டு வர மனமே வருவதில்லை தம்பி. பாசம், வேறென்ன.