ஒரு நாளும் நிக்காத எஞ்சின்

தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த மச்சினனிடம் சொன்னார்:

“என் எஞ்சின் ஒரு நாளாச்சும் நின்னு தொலைச்சிருந்தா எனக்கும் வேட்டி கெடச்சிருக்கும், மாப்ள.”

“என்ன மச்சான் சொல்றீக?”

“எங்க முதலாளிக்கு ரெண்டு அரிசி மில்லு. ஒண்ணு நான் பாக்குறேன், இன்னொண்ணு சேவுகன்னு ஒருத்தன். நான் தெனமும் காலையில தொடச்சு, எண்ணெய் விட்டு, பெல்ட்டப் பாத்துட்டுத்தான் ஓட்டுவேன். அவன் எஞ்சின் நிக்கிற வரைக்கும் அதத் தொடமாட்டான். நின்னா மட்டும் மேலெல்லாம் கரியப் பூசிக்கிட்டு ஒரு பகல் பூராம் மல்லுக்கட்டுவான். ஆயுத பூசையில அம்புட்டுப் பேரு முன்னாடி வேட்டி அவனுக்கு. எனக்குப் பொரி.”

“விடுங்க மச்சான்.”

“விட்டுட்டேன். மூணு நாளா எண்ணெயே விடலை. நிக்கட்டும். அப்பத் தெரியும் என் அருமை.”

மச்சினன் கேட்டார்:

“நின்னா, ரிப்பேர் பாக்க முதலாளி யாரக் கூப்பிடுவாரு? பேரு வாங்குன சேவுகனத்தான?”

மில்காரர் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் எழுந்துவிட்டார்.

“கண்டக்டர், செத்த நிப்பாட்டுங்க. மில்லுல ஒரு வேலைய மறந்துட்டு வந்துட்டேன்.”