தவறான பாஸ்வேர்டு

ராத்திரி வேண்டாம், பகலிலேயே போய்விடலாம் என்று பிபீஷ் கிளம்பியபோது மணி மூன்றரை. கர்க்கடக மாதத்து மழை. கோழஞ்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ரப்பர்த் தோட்டத்து வழி... இரண்டு பக்கமும் பெரிய பெரிய வீடுகள், அத்தனையும் பூட்டு. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று உங்களுக்கு எவன் சொன்னானோ தெரியாது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் சுனோஜின் மச்சான் பிபீஷுக்கு நடந்தது. சுனோஜே, சிரிக்காதே. உன் மச்சான் ஏன் அந்தத் தொழிலையே விட்டான் என்று உனக்குத் தெரியாதா?

பிபீஷின் தொழில், வீட்டுச் சுவர்களில் டச் பேனல் மாட்டுவது. விளக்கு, கேட், கேமரா எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள். வர்க்கிச்சன் வீட்டுக்கும் அவன்தான் மாட்டினான். வர்க்கிச்சனுக்கு எழுபத்தெட்டு வயது, ஊருக்கே அப்பச்சன். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. முட்டி தேய்ந்துபோய், மாடியறையை விட்டு இறங்க மாட்டார். ஒரே மகன் ரெஞ்சி கனடாவில். மாடிப் பேனலில் ரெஞ்சியின் படம் இருக்கும், அதைத் தொட்டால் அங்கே மணி அடிக்கும். செல்போன் அவருக்குச் சரிப்படவில்லை. தினமும் ராத்திரி எட்டரைக்கு அந்தப் படத்தைத் தொடுவார். பாவம், அந்த மனுஷனுக்கு ஒரு நாள் என்பதே அந்தப் பத்து நிமிஷம்தான்.

அந்த வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டே கிடையாது. கண்டவனெல்லாம் மதிலில் சாய்ந்து சினிமா பார்த்தான். விஷயம் கனடா வரைக்கும் போக, உடனே பூட்டுப் போடு என்றான் ரெஞ்சி. கும்ப மாதம், சர்ச் பெருநாள் தொடங்குகிற நாள். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் வைஃபை பெட்டியில் பிபீஷ் பாஸ்வேர்டு போட்டான். பதினாறு எழுத்து. இனி ஒவ்வொரு பேனலிலும் போய் அதையே அடிக்க வேண்டும். கூடத்தில் அடித்தான். சமையலறையில் அடித்தான். அதற்குள் வாசலில் பேண்டு செட் வண்டி ஹாரன்... இவன்தான் பெரிய டிரம். மாடிப்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு மேலே பார்த்துச் சொன்னான்.

"அப்பச்சா, உங்களோடத நாளைக்கு வந்து போட்டுத் தர்றேன்."

சரிடா மோனே என்று மேலேயிருந்து பதில் வந்தது.

பெருநாள் மூன்று நாள். கொட்டு, குடி, தூக்கம். மறந்தே போனான், படுபாவி. பக்கத்து வீட்டு ஏலியாம்மா கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம், பையன் வருவான், சொல்லியிருக்கான் என்றாராம் வர்க்கிச்சன். நாலாம் நாள் காலை அவள் மேலே போனாள். பேனலுக்கு எதிரே நாற்காலி. அதில் உட்கார்ந்தபடியே போயிருந்தார்.

அடக்கத்தன்று ரெஞ்சி, பிபீஷின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"மூணு நாளா கூப்பிட்டேன், எடுக்கவே இல்லடா. கிறிஸ்துமஸுக்கு வரலைன்னு எம்மேல கோவம். கோவத்தோடயே போயிட்டாரு."

மாடிப் பேனலுக்கு நெட்டே இல்லை என்பது பிபீஷுக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டான். ரெஞ்சி அந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டே விமானம் ஏறினான்.

ஐந்து மாதம் போனது. ஒரு நாள் ரெஞ்சியிடமிருந்து போன். பூட்டிய வீட்டு வைஃபை பெட்டியிலிருந்து தினமும் அவன் செல்லுக்கு ஒரு தகவல் வருகிறதாம். மாடிப் பேனல், தவறான பாஸ்வேர்டு. நம் ஊர் மணிக்குச் சரியாக எட்டரைக்கு. பேனல் கெட்டுவிட்டது போல, போய்ச் சரிபண்ணு, இல்லாவிட்டால் கழற்றி எறி என்றான்.

பிபீஷுக்குத்தான் தெரியும். அந்தப் பேனலில் பாஸ்வேர்டு என்று ஒன்றைச் சேமித்ததே இல்லை. யாராவது விரலால் அடித்தால்தான் தவறு என்று வரும்.

ஏலியாம்மா சாவியைக் கொடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போ, அப்பச்சனுக்குப் பிடிக்காது என்றாள். ஏதோ அவர் மேலே இருப்பது போல.

கூடத்தில் பூஞ்சை வாடை. படி ஏற ஏற வேறு வாடை... முட்டிக்குத் தேய்க்கும் தைலம். இப்போதுதான் தேய்த்தது போல, சூடாக. மாடிப் பேனல் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி முழுக்கத் தூசி. எழுத்துகள் இருக்கும் இடத்தில் மட்டும் சின்னச் சின்ன வட்டமாகத் துடைத்திருந்தது. பாஸ்வேர்டுக் கட்டத்தில் வரிசையாகப் புள்ளிகள். பக்கத்தில் இருந்த கண் அடையாளத்தைத் தொட்டான். புள்ளிகள் எழுத்தாயின.

ரெஞ்சி என்று இருந்தது. பின்னால் அவன் பிறந்த வருஷம்.

பயத்துக்கு முன்னால் அழுகைதான் வந்தது அவனுக்கு. அந்தக் கிழவர் தனக்குத் தெரிந்த ஒரே சொல்லை அடித்து அடித்துப் பார்த்திருக்கிறார். அதை அழித்துவிட்டுப் பதினாறு எழுத்தையும் அடித்தான். இரண்டு முறை தப்பாகி, மூன்றாம் முறை சரியாயிற்று. பேனல் சுற்றியது... சுற்றியது... இணைந்தது.

கையை எடுத்துவிட்டுச் சுவரை விட்டு இரண்டடி தள்ளி நின்றான். இதைத் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான். ரெஞ்சியின் படம் தானாக வந்தது.

டொக்.

கண்ணாடியில் நகம் படும் சத்தம். கனடாவுக்கு மணி போக ஆரம்பித்தது. அவனுக்குப் பின்னால் நாற்காலி மெல்ல முன்னே நகர்ந்தது.

எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. கேட்டுக்கு வெளியே, வெறுங்காலோடு மழையில் நின்றுகொண்டிருந்தான். ஐந்து நிமிஷம் இருக்கும். சட்டைப்பையில் செல் அடித்தது. ரெஞ்சி. கனடாவில் அப்போது விடியற்காலை நாலரை.

எடுத்தான். மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுதிருந்தான் போல.

"அப்பச்சனுக்கு எம்மேல கோவமே இல்லையாம்டா."

பிபீஷ் மாடியைத் திரும்பிப் பார்த்தான்.

"மூணு நாளும் படிக்கட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாராம். நீ ஏன் வரலைன்னு கேக்கச் சொல்றாரு, பிபீஷே. நீயே சொல்லிடு... லைன்லதான் இருக்காரு."