மேட்டில் ஒரு பார்

அன்று செவ்வாயா புதனா என்று சரியாக நினைவில்லை சார். கழற்றியது ஒரு குழாயா இரண்டா என்பதிலும் கொஞ்சம் குழப்பம். சொல்லச் சொல்லத் தெளிந்துவிடும்.

அக்கா புருஷனுக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. உப்புப் போட்டாயிற்று என்று அக்கா சொன்னால், கரண்டியால் எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் போடுவார். அவருடைய இருபது வருடத்து டீசல் காருக்கு எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போவை நான்தான் மாற்றிக் கொடுத்தேன். மறுநாளே பட்டறை வாசலில் காரை நியூட்ரலில் நிறுத்தி உறுமவிட்டார். காற்றழுத்தத்தை ‘பார்’ கணக்கில் காட்டும் என் பட்டறைக் கேஜை மாட்டியும் முள் அசையவில்லை.

“என்ன மாப்ள, டர்போன்னு சொல்லி தகர டப்பாவ மாட்டிட்டியா?”

“நின்ன எடத்துல முறுக்கினா ஊதாது மாமா. பாரம் இழுக்கணும். மூணாவது கியர்ல மேடு ஏறிப் பாருங்க.”

“பாரம் இழுக்க இது என்ன கழுதையா? நீதான்டா கழுத.”

பக்கத்து டயர்க்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐந்து நாள் இதே கூத்து.

ஆறாம் நாள் மாமா இறங்கி வந்தார். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் ஒரு கிளை வைத்து, மெல்லிய டியூபை ஜன்னல் வழியே உள்ளே இழுத்து, கேஜை முன்கண்ணாடியில் ஒட்டினேன். வழக்கமாக நான் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் படித்துச் சொல்வேன்.

“நான் படிச்சா நம்ப மாட்டீங்க. நீங்களே பாருங்க. உச்சி தாண்டுற வரைக்கும் காலை எடுக்காதீங்க.”

போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கழற்றியது இரண்டு குழாய்தான் சார். பிரேக்குக்குப் போகும் வேக்குவம் குழாயையும் உருவிவிட்டிருந்தேன். அது இல்லையென்றால் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி லேசில் நிற்காது. பட்டறை வாசலிலிருந்தே மேடு, ஏறும்போது பிரேக் தேவையில்லை. உச்சி தாண்டியதும் இறக்கம், இறக்கத்தின் முடிவில் வளைவு.

“அரை... முக்கால்... மாப்ள, ஒரு பார் தொட்டுருச்சுடா. நீ சொன்னது சரிதான்.”

கியரைக் குறையுங்கள், கைபிரேக்கை இழுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ‘நீ சொன்னது சரிதான்’ என்ற வார்த்தை அவர் வாயில் வர, அக்காவைக் கட்டிப் பதினாறு வருடம் ஆனது. இன்னொரு தடவை சொல்வார் என்று பேசாமல் இருந்தேன்.

“பிரேக்கு பிடிக்கலடா” என்றார். அதை நான் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை.

மாமா அந்த வளைவிலேயே போய்விட்டார். கார் பழைய இரும்புக்குப் போனது. என் பட்டறையில் இப்போது டயர்க்கடைக்காரர் டயர் அடுக்கியிருக்கிறார். நான் இங்கே கம்பிக்குப் பின்னால் இருக்கிறேன். அக்கா ஒருமுறைகூட என்னைப் பார்க்க வரவில்லை. நன்றி சொல்லக் கூச்சமாக இருக்கும்.