கம்பத்துக்குப் பக்கத்துல காலி எடம்

எல்லாரும் சொகமா கீறீங்களா? முட்டி வலி, சுகரு, பிரஷரு எல்லாம் சொன்ன பேச்சு கேக்குதா? எனக்கு இடுப்பு மட்டும் கொஞ்சம் பேஜாரு பண்ணுது, மத்தபடி நல்லாதான் கீறேன். இப்ப பசங்க ஊருக்குப் போனா ஒரு குச்சில போனை மாட்டிக்கினு ஜோடியா படம் எடுத்துத் தள்ளுதுங்க. எழுபத்தேழுல ஒரு ஜோடி ஒரே ஒரு படத்துக்குப் பட்ட பாடு இது. மணவாள நகர் சம்பூர்ணம் எனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. அவ ஊட்டுக்காரர் ராஜவேலு, கும்மிடிப்பூண்டி கம்பெனில வெல்டரு. பழவேற்காடு ஏரியில குப்பன் படகுல போய்க்கினு கீறாங்க. அவங்க பேசினத அப்பிடியே போட்றேன்.

சம்பூர்ணம்: ...அதுக்குன்னு பிலிம் ரோலு முழுக்க கொக்குக்கே எடுத்துத் தீக்கறதா மாமா?

ராஜவேலு: கொக்கு இல்ல சம்பூ, பூநாரை. ரெக்கைல செகப்பு பாத்தியா?

சம்பூர்ணம்: கறுப்பு வெள்ள ரோலுல செகப்பு எங்கேர்ந்து வரும்?

குப்பன்: அவ்ளோ தூரத்துல கீறத எடுத்தா புள்ளி புள்ளியா தான் வரும் சார். முன்ன ஒரு வாத்தியாரு எடுத்துக்கினு போயி, அப்பால வந்து காட்னாரு. தண்ணில அரிசி கொட்னா மாதிரி இருந்துச்சி.

சம்பூர்ணம்: கேட்டுக்கோங்க. அண்ணன் சொல்றாரு.

ராஜவேலு: சரி, இனிமே பறவை கெடையாது. போதுமா?

சம்பூர்ணம்: வெள்ளிக்கெழம பம்பாய் ரயிலு. அப்பால கப்பலு. நீங்க துபாய்க்கு கொக்கு படத்த எடுத்துக்கினு போறதுக்கா உங்க கம்பெனி தானியேல் சார் கிட்ட கெஞ்சி கேமரா வாங்கினோம்?

ராஜவேலு: கெஞ்சல. கேட்டேன், குடுத்தாரு.

குப்பன்: துபாய்க்கா போற நைனா? எவ்ளோ நாளு?

ராஜவேலு: ரெண்டு வருசம் அண்ணா.

குப்பன்: ம்... அப்ப படம் வேண்டியது தான். கல்யாணத்துல எடுக்கலியா?

ராஜவேலு: எடுத்தாங்க. இவ தலைய குனிஞ்சா குனிஞ்சது தான். உச்சி வகிடு மட்டும் நல்லா வந்துக்கீது. என் மூஞ்சிய மால மறைச்சிடுச்சி.

சம்பூர்ணம்: உங்கம்மா தான் பின்னால நின்னுக்கினு குனி, குனின்னு முதுகுல குத்திச்சி.

குப்பன்: இப்ப தான் நிமுந்துட்டியே தங்கச்சி. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நில்லுங்க.

சம்பூர்ணம்: அதுக்கும் அத்த சட்டம் போட்டுக்கீது அண்ணா. கெளம்பும்போதே சொல்லிச்சி. தொட்டுக்கினு நின்னு படம் புடிக்கக் கூடாதாம், அதெல்லாம் சினிமாக்காரங்க பண்ற வேலையாம். படம் வந்ததும் வாங்கிப் பாக்கும்.

ராஜவேலு: எங்கம்மாவுக்கு இந்த கேமரா மேலயே கோவம் அண்ணா. அது இந்த வருசம் திருத்தணிக்கு இதயே வாங்கிக்கினு போனப்ப ஆரம்பிச்சது.

சம்பூர்ணம்: நான் சொல்றேன். படிக்கட்டுல அத்தைய நிக்க வெச்சு எடுத்தாரா... எடுத்தப்புறம் இந்த சாவிய திருப்பி ரோல தள்ளணும். மறந்துட்டாரு. அதே எடத்துல நின்னு ஒரு வெள்ளாட்ட எடுத்தாரு.

குப்பன்: அப்புறம்?

சம்பூர்ணம்: ரெண்டும் ஒரே படத்துல வுழுந்துடுச்சி. அத்த தோள் மேல ஆடு முன்னங்கால வெச்சிக்கினு நிக்குது. ஏதோ காதுல ரகசியம் சொல்றாப்புல.

குப்பன்: ஐயையே... பாத்துட்டாங்களா?

ராஜவேலு: பாத்துட்டு மூணு நாளு எனக்கு சோறு போடல. இவ தான் போட்டா.

சம்பூர்ணம்: ஆடு நல்லா வந்திருந்துச்சி. அத சொன்னேன், எனக்கும் சோறு இல்ல.

குப்பன்: எறங்குங்க. கர வந்துடுச்சி. அந்தப் பக்கம் லைட் ஹவுஸ், இந்தப் பக்கம் ஏரி. எது வேணுமோ புடிச்சுக்கோங்க.

*

ராஜவேலு: குப்பண்ணா, இத புடி. இந்த ஜன்னல் வழியா எங்க ரெண்டு பேரையும் பாரு. பாத்துட்டு இந்த பொத்தான அமுத்து.

குப்பன்: என் கைய நம்பறியே. வல வீசற கை இது.

ராஜவேலு: ஒண்ணும் ஆவாது. சம்பூ, பைய அந்த கம்பத்துகிட்ட வெச்சிட்டு வா.

குப்பன்: இன்னும் கிட்ட நில்லுங்க. நடுவுல என் படகே போவும் போலக்கீதே.

சம்பூர்ணம்: போதும் அண்ணா. அமுத்துங்க.

குப்பன்: இன்னா தங்கச்சி, பஸ்ல தெரியாத ஆள் பக்கத்துல நிக்கறா மாதிரி நிக்கற.

ராஜவேலு: வா மே, இன்னும் கொஞ்சம்...

சம்பூர்ணம்: அண்ணன் எதிர்ல எப்பிடி? நீங்க வேற.

குப்பன்: நான் வேணா கண்ண மூடிக்கினு அமுத்தட்டா?

ராஜவேலு: வேணாம் வேணாம். எடு.

குப்பன்: ...அமுத்திட்டேன்.

ராஜவேலு: அண்ணா, உன் கட்ட வெரலு எங்க கீது?

குப்பன்: இதோ, கண்ணாடிய கெட்டியா புடிச்சிக்கினு.

சம்பூர்ணம்: போச்சி. துபாய் செவுத்துல குப்பண்ணன் வெரலு.

ராஜவேலு: சிரிக்காத மே. கேமரா பின்னால செகப்பு ஜன்னல்ல நெம்பரு பாரு. இன்னும் ஒண்ணு தான் மிச்சம். இதுவும் கெட்டா வேற ரோலு இல்ல.

குப்பன்: நான் தொடல சாமி. எனக்கு வேணாம் இந்த பாவம்.

ராஜவேலு: அப்ப கடைசி படம் உன்ன மட்டும் எடுக்கறேன் சம்பூ. போயி நில்லு.

சம்பூர்ணம்: மாட்டேன்.

ராஜவேலு: ஏன்?

சம்பூர்ணம்: அங்க ஒரு ரூம்ல பத்து பேரு படுப்பீங்கன்னு சொன்னீங்க. என் படத்த மட்டும் மாட்டி வெச்சா, யாரோ பொண்ணுன்னு தான் பாப்பாங்க. பக்கத்துல நீங்க நின்னா தானே இன்னார் பொண்டாட்டின்னு தெரியும்.

ராஜவேலு: ...அது சரி. ஆனா ஒரு படத்துல எப்பிடி?

சம்பூர்ணம்: எப்பிடியும் வேணாம். உங்கள எடுக்கறேன். எனக்கு ஒரு படம் வேணாமா? நீங்க போயிட்டா நான் யார் மூஞ்சிய பாப்பேன், உங்கம்மா மூஞ்சியவா?

குப்பன்: நியாயம்.

ராஜவேலு: நீ யாரு பக்கம் அண்ணா?

குப்பன்: படகு பக்கம். சீக்கிரம் எடுங்க, காத்து திரும்புது.

சம்பூர்ணம்: அந்த வல காய வெக்கற கம்பம் கீது பாருங்க, அங்க போங்க. கையில புடிச்சா ஆடிப்போவும். கேமராவ இந்த கவுத்துப் போட்ட படகு மேல வெச்சே எடுக்கறேன்.

ராஜவேலு: இங்கயா?

சம்பூர்ணம்: இன்னும் தள்ளுங்க. கம்பத்துக்கு அந்தாண்ட.

ராஜவேலு: இங்க?

சம்பூர்ணம்: இன்னும் கொஞ்சம்.

குப்பன்: தங்கச்சி, ஆள ஓரத்துல நிக்க வெச்சிட்டியே. நடுவுல காலியா கீதே.

சம்பூர்ணம்: ஏரி தெரியணும் அண்ணா. கைய அப்பிடி தொங்கப் போடாதீங்க மாமா, போலீஸ்காரன் மாதிரி. கம்பத்து மேல வையுங்க.

ராஜவேலு: வெச்சிட்டேன். கொஞ்சம் உசரம் கம்மியா கீது.

சம்பூர்ணம்: சரியா தான் கீது. சிரிங்க.

ராஜவேலு: சிரிச்சிக்கினு தான் கீறேன்.

சம்பூர்ணம்: அது சிரிப்பா? பல்லு வலிக்குதுன்னு நெனச்சேன்... ம். அப்பிடி. அவ்ளோ தான், எடுத்துட்டேன்.

ராஜவேலு: இரு, நான் வந்து சாவிய...

சம்பூர்ணம்: தொடாதீங்க. மணல் கையி. கேமரா படகு மேலயே இருக்கட்டும், தானியேல் சார் திட்டப் போறாரு. ஐயோ, என் பை... கம்பத்துகிட்டயே வெச்சிட்டேன்.

ராஜவேலு: எல்லாத்தையும் மறந்துடுவ. போயி எடுத்துக்கினு வா. நான் இங்க கேமராவ பாத்துக்கறேன்.

சம்பூர்ணம்: எடுத்துட்டேன். வரட்டா?

ராஜவேலு: அங்கியே ஒரு நிமிசம் நில்லு.

சம்பூர்ணம்: இன்னாத்துக்கு?

ராஜவேலு: சும்மா தான். வெய்யிலு மூஞ்சில படுது, நல்லா கீது. கொஞ்சம் கம்பத்து கிட்ட... ம்... பைய கீழ வை. இந்தாண்ட பாரு.

சம்பூர்ணம்: ரோலு தீந்தப்புறம் இன்னா பாக்கறீங்க?

ராஜவேலு: பாக்கறதுக்கு ரோலு வேணுமா?

குப்பன்: டக்குனு இன்னா சத்தம் சார்?

ராஜவேலு: மூடி சத்தம் அண்ணா. வா சம்பூ, போலாம். பஸ்ஸு போயிடும்.

*

சம்பூர்ணம்: ஸ்டூடியோக்காரரு குடுத்துட்டாரா? நாளைக்கி ரயிலாச்சேன்னு எனக்கு காலைலேர்ந்து நாஷ்டாவே எறங்கல.

ராஜவேலு: குடுத்துட்டாரு. அம்மா எங்க?

சம்பூர்ணம்: வீரராகவர் கோயிலுக்குப் போய்க்கீது, உனக்கு வேண்டிக்கினு வர. குடு.

ராஜவேலு: குப்பண்ணன் எதிர்ல வாங்க, போங்க. ஊட்டுக்குள்ள வந்தா குடுவா?

சம்பூர்ணம்: குடுங்க துபாய் சார்.

ராஜவேலு: இரு. கொக்கு எல்லாம் அரிசி தான். வெரல் படம் வெரலாவே வந்துக்கீது. அந்த கடைசி படத்த மட்டும் அவரு தனியா காகிதத்துல சுத்திக் குடுத்தாரு. கெட்டுப் போச்சி, மனசுல வெச்சுக்காதீங்கன்னாரு.

சம்பூர்ணம்: கெட்டுப் போச்சா?

ராஜவேலு: நீயே பாரு.

சம்பூர்ணம்: உன் சட்ட வழியா ஏரி தெரியுது.

ராஜவேலு: உன் பொடவ வழியா கம்பம் தெரியுது. ரெண்டு பேரும் பேய் மாதிரி தான் கீறோம்.

சம்பூர்ணம்: மாமா... உன் கை.

ராஜவேலு: கம்பத்து மேல வெச்ச கை தான்.

சம்பூர்ணம்: என் தோள் மேல கீது.

ராஜவேலு: நானா போட்டேன்? அம்மா கேட்டா தைரியமா சொல்லு, தொடவே இல்லன்னு. குப்பண்ணன் சாட்சி. அழுவாத மே. ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது. அது மூடி சத்தம் இல்ல. நீ என்ன எடுத்தப்புறம் நான் சாவிய திருப்பவே இல்ல. திருத்தணி ஆடு ஞாபகம் வந்துச்சி. சொன்னா, இருக்கற ஒண்ணும் கெட்டுடும்னு நீ வுட மாட்டியோன்னு பயம். அதான் உனக்குத் தெரியாமலே உன்னையும் அதுலயே எடுத்துட்டேன்.

சம்பூர்ணம்: எனக்குத் தெரியாமயா?

ராஜவேலு: பின்ன?

சம்பூர்ணம்: நான் பைய மறக்கறவளா மாமா? தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு உன்ன எதுக்கு ஓரத்துக்கு அனுப்பினேன்? சாவியத் தொடாதன்னு எதுக்குச் சொன்னேன்? நீ வந்து அமுத்துவியோ மாட்டியோன்னு தான் கம்பத்துகிட்ட நின்னுக்கினு நெஞ்சு அடிச்சிக்கிச்சி. அந்தக் காலி எடம் என் எடம். அங்க போயும் அத அப்பிடியே வெச்சிரு.

அவ்ளோ தான். உங்க ஊட்டுப் பொட்டிலயும் இப்பிடி ஒரு படம் இருக்கும். கோணலா, மங்கலா, யாரோட வெரலோ குறுக்க வந்து, ஆனா தூக்கிப் போட மனசு வராம. ஜோடியா எங்க போனப்ப எடுத்தது, யாரு எடுத்தாங்க, அதுல இன்னா கெட்டுப் போச்சின்னு கீழ எழுதுங்க. கண்ணாடிய தொடச்சு வெச்சிக்கினு காத்துக்கினு கீறேன்.